நீருக்குள் பார்த்த கை

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி அமாவாசை கழிந்த மறுநாள் காலை, பாபநாசம் படித்துறையில் நடந்தது இது. இறந்துபோன தம்பியின் சட்டையைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். முங்கி எழுந்து, துணியை ஆற்றோடு விட்டுவிடுவது இங்கே வழக்கம். "விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருய்யா" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

பையைப் படியில் வைத்துவிட்டு முதலில் முங்க இறங்கினேன். அமாவாசைக்கு வந்தவர்கள் விட்டுப்போன துணிகள் தண்ணீருக்கடியில் பாறைகளைப் பற்றிக்கொண்டு ஆடின. வேட்டிகள், சேலைகள், உள்ளே ஆளில்லாத சட்டைகள். பாசி வழுக்கியது. விழுந்த வேகத்தில் தலைக்கு மேலே நீண்ட என் வலது கையை ஏதோ பற்றியது. உடம்பை ஆறு கீழே இழுத்தது. தோளுக்குள் மளுக்கென்று ஒரு சத்தம். வலி வந்தது, பிறகு கையே இல்லாததுபோல் ஆனது.

கண்ணைத் திறந்தேன். முகத்துக்கு நேரே ஒரு நீலச் சட்டையின் கை. அதன் முனையிலிருந்து ஒரு மனிதக் கை நீண்டிருந்தது. விரல்கள் பைய அசைந்தன, கூப்பிடுவதுபோல. தம்பி என்றே நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், போய்விடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. அப்போதுதான் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு தெரிந்தது. என் கயிறு! பாறையில் சிக்கிக் கிடந்த யாருடைய சட்டைக்குள்ளோ என் கைதான் நுழைந்திருந்தது. மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது.

யாரோ என் இடுப்பை வளைத்துப் பிடித்து, அந்தச் சட்டையைக் கிழித்து, மேலே கொண்டுவந்தார். மனைவியோடு பக்கத்துப் படியில் குளித்துக்கொண்டிருந்தவர். திருநெல்வேலிப் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவராம். என் தோளின் உருண்டை காணாமல் போய், கை கோணலாகத் தொங்கியது.

"ஒரு இழுப்பு இழுத்தா உக்காந்துரும் வே" என்று கூட்டத்தில் ஒருவன் நெருங்கினான்.

"ஏலே, தொட்டேன்னா ஆத்துல தள்ளிருவேன்" என்றார் பட்டறைக்காரர். "கழண்ட பேரிங்கையே நாங்க சுத்தியல் வச்சு அடிக்க மாட்டோம். இது மனுசன் தோளுல்லா!"

அவர் மனைவி என் பையைத் திறந்தார். "அண்ணாச்சி, இந்தச் சட்டைய எடுத்துக்கிடட்டா?" தலையசைத்தேன். மடக்கிய கைக்கு அடியில் சட்டையைக் கொடுத்து, அதன் இரண்டு கைகளையும் என் கழுத்துக்குப் பின்னால் முடிந்தார். திருநெல்வேலி வரை அப்படியே வந்தேன், தம்பி முன்னாலிருந்து கட்டிக்கொண்டதுபோல.

தோள்மூட்டைச் சேர்த்த டாக்டர் ஒரு பொம்மை எலும்பைக் காட்டினார். கையெலும்பின் தலை பெரிய பந்து. அது உட்காரும் குழியோ கரண்டியளவு ஆழம்கூட இல்லை.

"எல்லாப் பக்கமும் சுத்தணும்லா, அதான் எலும்பு இதை இறுக்கிப் பிடிக்காது. நாலு தசை சுத்தி நின்னு பந்தைக் குழியோட அணைச்சிருக்கு. தூக்குன கை பின்னால வளைஞ்சா, பந்து முன்னால நழுவிரும்" என்றார். அக்குள் வழியாகப் போகும் நரம்புகள் இழுபட்டதில்தான் கை மரத்துப்போனதாம்.

கை திரும்பிவிட்டது. சட்டையும் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. அம்மா அதைத் துவைத்து மடித்து வைத்தாள். தோளின் வெளிப்புறத்தில் மட்டும் உள்ளங்கையளவு தோல் இன்னும் மரத்தே இருக்கிறது. யார் தொட்டாலும் தெரியாது. ஆனால், யாருமே தொடாத சில மதியங்களில் அங்கே ஒரு கை மெல்ல வந்து உட்காருகிறது. அம்மா சொன்னதில் பாதியையாவது காப்பாற்ற வேண்டுமே என்று, அப்போதெல்லாம் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.