காகிதம் பிடிக்கும் எலக்ட்ரீஷியன்

விசிறியைச் சுழலவிட்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, காரின் முன்பக்கக் கம்பி வலைக்கு நேரே பிடிக்கிறார். காகிதம் பச்சக்கென்று போய் ஒட்டிக்கொள்கிறது. பிய்த்தெடுத்து மறுபடி பிடிக்கிறார். மறுபடி ஒட்டுகிறது. இன்னொரு முறையும் பிடிப்பார். என் கிழட்டு வண்டியின் புண்ணியத்தில் இவர் பழக்கமெல்லாம் எனக்கு அத்துப்படி.

தெருவுக்கே இவர் ஒயர் அண்ணன். எஞ்சின் சூட்டைத் தணிக்க பெல்ட்டில் சுற்றும் பழைய விசிறியைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் சுற்றும் விசிறியை மாட்டுவதில் கெட்டிக்காரர். ஒயரைப் பல்லால்தான் உரிப்பார். கேட்டால், "கட்டர் எங்கயோ கெடக்கு" என்பார். கட்டர் அவர் பின்பாக்கெட்டிலேயே துருத்திக்கொண்டிருக்கும்.

"அதான் சுத்துதே, அப்புறம் எதுக்குக் காகிதம்?" என்று இன்று கேட்டேவிட்டேன்.

"சுத்துறத நம்பக் கூடாது சார். ரெண்டு ஒயரையும் மாத்திக் குடுத்தாலும் சுத்தும். சத்தமும் இதே சத்தந்தான். ஆனா காத்த உள்ள இழுக்காது, வெளிய தள்ளும். எஞ்சின் சூடு எறங்காது."

காரின் ஹார்னைச் சரிபார்க்க இவருடைய அக்கா வருவதாகச் சொல்லியிருந்தாராம். வாசலைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினார். முன்பு ஒருமுறை அக்கா வீட்டுக்காரரின் காரில் இவர் அப்படித்தான் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார். மேடேறும்போது வண்டி கொதித்து நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் சூடான காற்று முகத்தில் அடிக்கிறது. சுற்றிலும் சொந்தக்காரர்கள். "தண்ணி கொறஞ்சிருக்கு மாமா, பாக்கலியா?" என்று வாயில் வந்துவிட்டது. யாரும் பார்க்காத நேரத்தில் ஒயரை மாற்றினார்.

"காலம் பூரா பஸ் ஓட்டின மனுசன் சார். 'பாத்தேனே'ன்னாரு. யாரும் காதுல வாங்கல. அப்புறம் ஸ்டியரிங்கையே தொடல. அவரப் பாத்தா எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம்னு இருக்கு."

கார் வந்தது. அக்காதான் ஓட்டிவந்தார். பக்கத்து இருக்கையில் மாமா. மடியில் ஒரு தண்ணீர் கேன். இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார்.

ஹார்ன் சரியானதும் அக்கா கணவரைப் பார்த்துச் சிரித்தார். "தண்ணி இருக்கான்னு பாருங்க. மறுபடி மறந்து தொலைக்கப் போறீங்க!"

மாமாவும் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஒயர் அண்ணனின் முகம் செத்துவிட்டது.

வந்த சூட்டில் அக்கா காரின் விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, அதன் இரண்டு ஒயர்களையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினார். விசிறி அதே சத்தத்தோடு சுற்றியது. காகிதத்தைப் பிடித்தார். அது பறந்துபோய்த் தெருவில் விழுந்தது.

"அன்னைக்கு நான் இப்படித்தான் மாட்டியிருந்தேன்க்கா. தண்ணியெல்லாம் இருந்துச்சு. மாமா மேல ஒரு தப்பும் இல்ல."

அக்கா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா காரின் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒயர் அண்ணன் ஒயர்களைச் சரியாகச் செருகிவிட்டு, மாமாவின் பக்கம் போனார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு அந்தக் கேனை மெல்ல வாங்கினார். கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் அங்கேயே நின்றார்.