ஒண்ணொண்ணா உடைங்கம்மா

முட்டை விக்கிறவனுக்கு இருக்கிற தலைவலி வேற எந்த வியாபாரிக்கும் கெடையாது. தான் விக்கிற சரக்கை அவனே தொறந்து பாக்க முடியாது. கத்திரிக்காயில சொத்தை இருந்தா வெளியிலயே தெரியும். கருவாடு கெட்டிருந்தா மூக்கு சொல்லிடும். முட்டை மட்டும் உடைக்கிற வரைக்கும் நல்ல பிள்ளையா இருக்கும். உடைச்ச பிறகு நாறினா, அந்த நாத்தம் போட்ட கோழிக்குச் சேராது, அடுப்போரமா வாரக்கணக்குல வச்சிருந்த வீட்டுக்காரிக்கும் சேராது. நேரா வந்து முட்டைக்காரன் பேருலதான் சேரும். கூடை தூக்கினவங்க யாராவது இதைப் படிச்சா, நான் சொல்றது பொய்யான்னு நெஞ்சில கை வச்சுச் சொல்லுங்க.

நான் மலாயாவுல லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்துல பால்மரம் வெட்டிக்கிட்டிருந்தவன். ரப்பர் விலை விழுந்தப்ப செக்ரோல்ல, அதான் ஆள் பதிவேட்டுல, என் பேரை வெட்டிட்டாங்க, குடியிருந்த வீடும் போச்சு. என்னோட வெட்டுப்பட்டவங்கள்ல பாதிப் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறிட்டாங்க. நானும் ஏறியிருப்பேன். ஆனா என் வீட்டுக்காரி பாக்கியம் பொறந்ததே இங்க தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்துலதான். நாகப்பட்டணத்துல எறக்கி விட்டா எந்தப் பக்கம் நடக்கணும்னே அவளுக்குத் தெரியாது. அதனால பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரங்ககிட்ட முட்டை வாங்கி, பழைய தோட்டத்துலயே ஆபீஸ் கணக்கு எழுதுற கிராணி வீடு, டிரெஸ்ஸர் வீடு, கங்காணி வீடு, வாத்தியார் வீடுன்னு கொண்டுபோய்க் குடுத்தேன். அந்த நாலஞ்சு வீட்டு வாசல் தொறந்திருக்கிற வரைக்கும் எங்களுக்குக் கப்பல் இல்ல. அவ்வளவுதான் கணக்கு.

தொழில்ல நான் சுத்தம். கையை உருட்டிக் குழல் மாதிரி பிடிச்சு, முட்டையை வெயிலுக்கு நேரா வச்சுப் பாப்பேன். உள்ள வெளிச்சமா இருந்தா நல்லது, கருப்பா நின்னா கெட்டது. வெயில் இல்லன்னா வாளித் தண்ணியில போடுவேன். அடியில போய்ப் படுத்தா நல்லது, மிதந்தா கெட்டது. இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

கங்காணி வீட்டு அம்மி

கங்காணி சம்சாரத்துக்கு முட்டைன்னா என்ன கோபமோ தெரியாது. தேங்காய் உடைக்கிற மாதிரி கையை ஓங்கி அம்மி விளிம்புல ஒரு போடு போடுவாங்க. முட்டைல பாதி அம்மியில வழியும். மீதி ஓட்டோட சேர்ந்து கொதிக்கிற குழம்புல விழும். நான் வாசல்ல நின்னு எத்தனையோ தடவை பாத்திருக்கேன். "அக்கா, மெதுவா ஒரு தட்டு தட்டினாப் போதுமே"ன்னு ஒருநாள் சொல்லியும் பாத்தேன். "நீ எங்க வீட்டுக் கொழம்ப ருசி பாக்கவா வந்த?"ன்னு கேட்டாங்க.

அதே வாரம் கங்காணி சோத்தைப் பெசைஞ்சு வாயில வச்சு நறுக்குன்னு கடிச்சிருக்கார். கடவாய்ப் பல்லு ஆடிப்போச்சாம். மறுநாள் காலையில ஆளுங்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுக்கிற மரத்தடியில, அத்தனை ஆளுங்களுக்கு முன்னால என்னை நிறுத்தி வச்சு, குழம்புல ஓடு எப்படி வந்துச்சுன்னு கேட்டார். உடைச்சது நானா, அவர் பொண்டாட்டியா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் நடந்ததைச் சொல்லி முடிச்சதும், பக்கத்துல நின்ன அந்தம்மா சாவதானமாச் சொன்னாங்க: "ஓடு மெல்லிசா இருக்கிற முட்டையாப் பாத்துக் கொண்டாந்தா கொறைஞ்சா போயிடுவ?"

டிரெஸ்ஸர் ஊசி

தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற டிரெஸ்ஸர் தனி ஆளு, தானே சமைச்சுக்குவார். அவர் முட்டையைத் தட்டவே மாட்டார். ஊசி எடுத்து மேல ஒரு ஓட்டை, கீழ ஒரு ஓட்டை போட்டு, ஒரு பக்கம் வாயை வச்சு ஊதுவார். வெள்ளையும் மஞ்சளும் நூல் மாதிரி பொரிக்கிற தாச்சியில எறங்கும். ஓடு முழுசா கையில நிக்கும். அதைக் கழுவித் தட்டுல அழகா அடுக்கி வச்சுக்குவார். எதுக்குன்னு கேட்டேன். சுத்தமான முறைன்னார். எச்சில் பட ஊதுறது என்ன சுத்தமோ, நான் படிக்காதவன், எனக்குத் தெரியல.

ஒருநாள் வாங்கின முட்டைல ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு என் கையில குடுத்து, மாத்து முட்டை கேட்டார். வாங்கினேன். பஞ்சு மாதிரி இருந்துச்சு. திருப்பிப் பாத்தா மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ஊசி ஓட்டை. ஊதி எடுத்த காலி முட்டையை எனக்கே திருப்பிக் குடுக்குறார். அந்த ஆள் வெள்ளைச் சட்டையைப் பிடிச்சு உலுக்கணும் போல இருந்துச்சு. ஆனா பாக்கியத்துக்குக் காய்ச்சல் வந்தா மருந்துக்கு அவர்கிட்டதான் போகணும். "ஐயா, இதுல ரெண்டு ஓட்டை இருக்குதே"ன்னு மட்டும் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு உத்துப் பாத்துட்டுச் சொன்னார்: "அதைக் கோழிகிட்டதான் கேக்கணும்."

வாத்தியார் வீட்டுப் பாவம்

வாத்தியார் ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்த பொண்ணு சைவம். வாத்தியாருக்கோ தினம் முட்டை வேணும். அந்தப் பொண்ணு மூக்குல ஈரத்துண்டைக் கட்டிக்கிட்டு, முட்டையை அகப்பையில வச்சு, கையை நீட்டி, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு தாச்சி விளிம்புல இடிக்கும். பத்துக்கு ஆறு அடுப்புச் சாம்பல்லதான் விழும். விழுந்ததுக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டு மாத்துக் கேக்கும். கெட்ட முட்டைக்கு மாத்து குடுக்குறது வழக்கம், ஒத்துக்குறேன். சாம்பல்ல விழுந்த நல்ல முட்டைக்கு மாத்து எந்த ஊரு வழக்கம்?

"தங்கச்சி, கண்ணைத் தொறந்துக்கிட்டு உடைங்க. இல்லன்னா வாத்தியாரையே உடைக்கச் சொல்லுங்க"ன்னேன். கோபத்தை அடக்கிக்கிட்டுத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு துண்டை எறக்கிட்டு, எனக்குப் புத்தி சொல்ற மாதிரி சொல்லுச்சு: "தொறந்துக்கிட்டு உடைச்சா தெரிஞ்சு செஞ்ச பாவம்ண்ணே, மூடிக்கிட்டு உடைச்சா தெரியாம செஞ்ச பாவம்."

கிராணி வீட்டு கேக்

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கொசுக்கடி. இனிமே சொல்றதுதான் பாம்புக்கடி. பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், வேதக்காரர். மார்கழி மாசம் அவங்க வீட்டுல கிறிஸ்மஸ் கேக் அடிக்கிறது தோட்டத்துக்கே தெரியும். துரை பங்களாவுக்கே ஒரு துண்டு போகும். சிங்கப்பூர்ல இருந்து டின் பட்டர், முந்திரிகை, சீனியில ஊறப்போட்ட பழமெல்லாம் வரும். முட்டை மட்டும் என்கிட்ட.

கிராணியம்மா முட்டை உடைக்கிற விதமே தனி. ரெண்டு கையில ரெண்டு முட்டையை எடுத்து ஒண்ணோட ஒண்ணை மோத விடுவாங்க. அப்படி மோதினா ஒண்ணுதான் உடையும். உடைஞ்சதை பட்டரும் சீனியும் அடிச்சு வச்ச பெரிய சட்டியில நேரா ஊத்திட்டு, உடையாததை அடுத்ததோட மோத விடுவாங்க. பிள்ளைங்க சுத்தி நின்னு எந்த முட்டை ஜெயிக்குதுன்னு கத்தும். நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு மங்குக் கிண்ணம் எடுத்து வச்சு ஒண்ணொண்ணா அதுல உடைங்கம்மா, பாத்துட்டு அப்புறம் சட்டியில ஊத்துங்கம்மான்னு. காதுலயே போட்டுக்க மாட்டாங்க. கேக் அடிக்க முட்டைக்காரன்கிட்டயா படிக்கணும்னு சிரிப்பாங்க.

அன்னிக்கு விடியக்காலையில இருந்தே மழை. நனைஞ்சுக்கிட்டே கொண்டுபோய்க் குடுத்துட்டு, வராந்தாவுல நின்னு தலையைத் துவட்டிக்கிட்டிருந்தேன். உள்ள பிள்ளைங்க சத்தம் திடீர்னு நின்னுச்சு. அப்புறம் அந்த நாத்தம் வராந்தா வரைக்கும் வந்துச்சு. சட்டி நிறைய பட்டர், சீனி, பதினஞ்சு நல்ல முட்டை, அதுக்கு நடுவுல பச்சையும் கருப்புமா ஒண்ணு. மங்குல உடைச்சிருந்தா போயிருக்கிறது ஒரு முட்டை. அந்தம்மா "என்ர பட்டர், என்ர பட்டர்"னு அழுதாங்க. "நான் சொன்னபடி உடைச்சிருந்தா இப்படி ஆகுமா?"ன்னு கத்திட்டேன். பெரிய கிராணி வீட்டு வராந்தாவுல, பேர் வெட்டுப்பட்ட ஒரு ஆளு கத்தினேன். கிராணி உள்ள இருந்து வந்தார். அவர் சத்தமே போடல: "நாளையில இருந்து நீர் இந்தத் தோட்டத்துக் கேற்றுக்குள்ள கால் வைக்கப்படாது."

சீனக் குக்கு

கேட்டுல காவல் நின்ன ஜாகா எனக்குப் பழைய சிநேகம்தான். ஆனா மறுநாள் கையை விரிச்சுட்டார். ஒரு வாசல் மூடினா எல்லா வாசலும் மூடின மாதிரி. கூடையில இருந்த முட்டையை லாபிஸ் கடைத்தெருவுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அங்க எல்லாரும் கோழி வளக்குறாங்க, யார் வாங்குவா? வீட்டுல பாக்கியம் தகரப்பெட்டியை எறக்கித் தொடைச்சு வச்சிருந்தா. கப்பலுக்குத்தான்னு புரிஞ்சுச்சு.

அந்த வாரம் துரை பங்களாவுல சமைக்கிற ஹைனான் சீனர் சாமான் வாங்க வந்தார். இருபது வருஷம் தோட்டத்துலயே இருந்ததால நம்ம தமிழ் நல்லாவே வரும். நான் மூச்சு விடாம கிராணியம்மாவைத் திட்டினேன். அவர் காப்பிக்கடையில ஒரு கிண்ணம் கேட்டு வாங்கினார். என் கூடையில இருந்து ஒரு முட்டையை எடுத்தார். காதுகிட்ட வச்சு ஆட்டினார். ஒரே கையில கிண்ணத்து விளிம்புல தட்டி, விரலாலயே பிரிச்சு, மோந்து பாத்துட்டு என் மூக்குகிட்ட நீட்டினார். ஒரு பொட்டு ஓடு இல்ல. மஞ்சள் கரு குண்டா நின்னுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தோட்டத்துல முட்டை உடைக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு இவர்தான்னு அங்கேயே சொன்னேன். அவருக்கு அந்தப் புகழ்ச்சி ஏறல. கிண்ணத்தைக் கீழ வச்சுட்டு மலாயும் தமிழுமாச் சொன்னார்: "சத்து-சத்து, ஒண்ணொண்ணா பாக்கணும் லா, சமைக்கிறவனும் பாக்கணும், விக்கிறவனும் பாக்கணும்."

மறுபடியும் கேட்டு

ரெண்டு வாரம் கழிச்சு துரைக்கு விருந்தாளி வந்தாங்க. முட்டை இல்லாம நான் எப்படி சமைக்கிறதுன்னு சீனர் கையை விரிச்சார். துரை கிராணியைக் கேட்டார். கிராணி என்னைக் கூப்பிட ஜாகாவை அனுப்பினார். ஆனா கிராணியம்மா ஒரு கண்டிஷன் போட்டாங்க: முதல்ல அவங்க முன்னால ஒரு கூடை முட்டையை உடைக்கணும், ஒண்ணு கெட்டிருந்தாலும் நான் திரும்பிப் பாக்காமப் போயிடணும்.

அன்னிக்கு நல்ல வெயில். ஒவ்வொரு முட்டையையும் வெயில்லயும் பாத்தேன், வாளியிலயும் போட்டேன். பாக்கியத்தோட வெள்ளை மங்கு ஒண்ணையும் கையோட கொண்டுபோனேன். கிராணியம்மா மங்கைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, அதை ஓரமா நகத்தி வச்சுட்டாங்க. ரெண்டு கையிலயும் முட்டையை எடுத்து மோத விட ஆரம்பிச்சாங்க. அதே பெரிய சட்டி. ஒவ்வொரு மோதலுக்கும் என் உயிர் போய்ப் போய் வந்துச்சு. எல்லாம் நல்ல முட்டை. கடைசியில ஜெயிச்ச முட்டைக்கு மோத ஜோடி இல்ல. அதை மட்டும் என் மங்கு விளிம்புல தட்டி, அதையும் சட்டிக்குள்ளயே ஊத்தினாங்க. அதுவும் நல்லது. ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லுவாங்கன்னு நின்னேன். கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டாங்க: "இண்டைக்கு ஒண்டும் பழுதில்லை, அப்ப அண்டைக்கு என்ன செய்தனீர்?"

வாளி

கேட்டு தொறந்துடுச்சு, கப்பல் இல்லன்னு சந்தோஷப்பட வேண்டியவன், வீடு வர்ற வழியெல்லாம் அந்தம்மாவைத் திட்டிக்கிட்டே வந்தேன். என்ன திமிரு, என்ன நாக்கு. உடைக்கத் தெரியாம உடைச்சு ஒரு சட்டி பட்டரை நாசமாக்கிட்டு, அண்டைக்கு என்ன செய்தனீர்னு என்னைக் கேக்குறாங்க. வீட்டுக்குள்ள வந்தும் விடல. பாக்கியம் அடுப்புகிட்ட உக்காந்திருந்தா. தகரப்பெட்டி மறுபடியும் மேல ஏறியிருந்துச்சு. நான் கொண்டுவந்த மங்கை வாங்கிக் கழுவி, எங்க ரெண்டு பேருக்குமா ரெண்டு முட்டையை ஒண்ணொண்ணா உடைச்சுப் பாத்து, தாச்சியில ஊத்தினா.

நான் கத்தினேன். கேக் அடிச்ச அன்னிக்கு மழை, வெயிலே இல்ல, நான் என்ன கடவுளா, முட்டைக்குள்ள எட்டிப் பாக்கன்னு கத்தினேன். அவ முட்டையைத் திருப்பிப் போட்டுட்டு, தலையைத் தூக்காமலே சொன்னா: "வெயில் இல்ல சரி, வாசல்ல வாளி நிறைய மழைத்தண்ணி நின்னுச்சே, அதுல போட்டீங்களா?"

இத்தனை பேர் முட்டை உடைக்கிற லட்சணத்தை வாய் வலிக்கத் திட்டினவன், அந்த வாளியைத் தாண்டி ஓடினதை இன்னிக்குத்தான் ஒத்துக்குறேன். திட்டணும்னா கிராணியம்மாவுக்குப் பின்னால வரிசையில நில்லுங்க.