தாய்மாமன் தேய்த்த கல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிப் பிரித்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. முதல் பக்கத்தில் அவர் படம் இருக்கிறது, அடுத்த பக்கத்தில் பதிகம் இருக்கிறது, அதற்கடுத்து நான் இருக்கிறேன். மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், தொலைபேசியில் அழைத்தார். "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா. பழசையெல்லாம் கெளறாதே லா" என்றார். முதல் வாக்கியத்தை மட்டும் ஏற்றுக்கொண்டேன். அண்ணனைப் பற்றி நல்லதைத் தவிர எழுத எனக்கு ஒன்றும் இல்லை. மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

அண்ணன் சிங்கப்பூரில்தான் பிறந்தார். சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் ஒரு கடைவீடு. கீழே மாவு அரைக்கும் கடை, மேலே நாங்கள். அக்கா மூத்தவர், அண்ணன் நடுவில், நான் கடைசி. கப்பல் பட்டறையில் நடந்த விபத்தில் அப்பா போனபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. படிப்பில் கெட்டிக்காரர்தான். ஆனாலும் சீக்கிரம் சம்பளம் வரவேண்டும் என்று தொழிற்பள்ளியில் சேர்ந்து, மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலைக்குப் போனார். வாழ்நாள் முழுவதும் அதே வேலை. மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிடுவது அவர் தொழில் என்பதால், புக்கிட் பாஞ்சாங் பக்கம் போனால் அண்ணனை நிறுத்திப் பேசாதவர்கள் குறைவு.

அக்காவுக்குத் திருமணம் செய்து வைத்தார். எனக்குச் செய்து வைத்தார். அம்மாவைக் கடைசி மூச்சுவரை ஈசூன் வீட்டில் தன்னோடு வைத்துக் காப்பாற்றினார். "உனக்கு எப்பண்ணே?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். பார்க்க வேண்டியவர்கள் யாரும் பார்க்கவில்லை. அக்காவின் இரண்டு பெண்களும் என் மகனும்தான் தன் பிள்ளைகள் என்று இருந்துவிட்டார்.

நாற்பதைத் தாண்டிய பிறகு அவருக்கு ஒரு பித்துப் பிடித்தது. ஒரு தொழிற்பேட்டையில் மின்தூக்கியைச் சரிசெய்யப் போனவர், அங்கே கடையை மூடிக்கொண்டிருந்த சீனர் ஒருவரிடம் கல் தேய்க்கும் பழைய இயந்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சமையலறைக்குப் பின்னால், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் அது குடியேறியது. வைரம்போலப் பட்டை பட்டையாகத் தீட்டுவதில் அவருக்கு ஆர்வம் இல்லை. அடிப்பக்கம் தட்டையாக, மேல்பக்கம் நெல்லிக்காயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தாற்போலக் குவிந்து, வழுவழுவென்று இருக்க வேண்டும். அதற்கு கேபோஷான் என்று பெயர். எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையாததால் 'அண்ணன் கல்' என்றே சொல்லிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை, அக்கம்பக்கத்தார் எழுந்து, பசியாறி, சந்தைக்குப் போன பிறகுதான் இயந்திரத்தைப் போடுவார். சின்னக் குச்சியின் நுனியில் மெழுகை உருக்கிக் கல்லை ஒட்டிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட சக்கரத்தில் பிடிப்பார். முதலில் முரட்டுச் சக்கரம், அப்புறம் அதைவிட மென்மையானது, அப்புறம் அதையும்விட. கடைசியில் தோல் பொருத்திய சக்கரத்தில் மெருகு. நான் பார்க்கும்போது கல் அழகாகப் பளபளக்கும். "முடிஞ்சிருச்சாண்ணே?" என்பேன். சட்டையில் துடைத்து, விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஈரத்துல எல்லாக் கல்லும் பளபளக்கும்மா. காஞ்ச பிறகு பாக்கணும்" என்பார். காய்ந்ததும் எங்கோ ஒரு கீறல் தெரியும். மறுபடியும் முரட்டுச் சக்கரத்திலிருந்து தொடங்குவார்.

இனி அத்தான் கிளற வேண்டாம் என்றதற்கு வருகிறேன்.

அக்காவின் மூத்த மகள் பள்ளிச் சீருடையோடு அண்ணன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே ஜன்னலோரத்தில் கிடந்த ஒரு கல்லின்மேல் அவளுக்குக் கண். கரு நீல நிறத்தில், வெள்ளைக் கோடு ஓடிய கல். "மாமா, என் வெடிங்குக்கு இதுதான் வேணும், வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லி வைத்திருந்தாள். சிறுபிள்ளைப் பேச்சு என்று விடவில்லை அண்ணன். அவளுக்குத் திருமணம் நிச்சயமானதும் அந்தக் கல்லை வாரக்கணக்கில் தேய்த்து, தங்கத்தில் விளிம்பு கட்டி, பதக்கமாக்கி, தாய்மாமன் சீர்வரிசைத் தட்டில் வைத்தார். புடவை இருந்தது, மாலை இருந்தது, பழம் இருந்தது. அவர் முகம் மட்டும் அந்தப் பதக்கத்தின் மேலேயே இருந்தது. மணமேடையில் அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டபோது அண்ணன் அழுததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். காணொளியிலும் இருக்கிறது.

திருமணமான சில மாதங்களில் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். மழை பெய்திருந்தது, சாலை வழுக்கியது. வேறு காரணம் தேவையில்லை. ஆனால் அத்தானுக்குத் தேவைப்பட்டது. லிட்டில் இந்தியாவில் யாரோ ஒரு சோதிடரிடம் போனார். வீட்டில் புதிதாக நீலக்கல் வந்திருக்கிறதா என்று அவர் கேட்டாராம். அவ்வளவுதான். நீலம் சனியின் கல், எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, தலையணைக்கு அடியில் வைத்துச் சோதித்த பிறகே அணிய வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த சமாசாரம். அத்தான் பதக்கத்தைத் தன் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தார். கெட்ட கனவு வந்தது. அன்று ஒரு விருந்தில் ஆட்டுப் பிரியாணியை மூன்றாம் தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தார் என்பதை அக்காவே என்னிடம் சொன்னார். ஆனாலும் பழி கல்லின்மேல்தான்.

அது நீலக்கல்லே இல்லை. சோடலைட் என்று ஒரு கல். நவரத்தினத்தில் அதற்கு இடம் கிடையாது. உண்மையான நீலக்கல்லுக்குள் வெளிச்சம் புகும், இதற்குள் புகாது. அண்ணன் இதை அத்தானிடம் பொறுமையாகச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"இது சும்மா கல்லு அத்தான். யாரையும் ஒண்ணும் பண்ணாது."

"நீ ஆயிரம் சொல்லு லா. கலர் நீலமா இல்லையா? அது போதும்."

சிராங்கூன் சாலையில் இராசிக்கல் விற்கும் பாய் ஒருவர் அண்ணனுக்கு நெருங்கிய சிநேகிதர். அவரும் பேசிப் பார்த்தார். "நான் நீலம் விக்கிறவன் சார். இது நீலத்துக்கு தூரத்துச் சொந்தம்கூட இல்ல. பயப்பட ஆசையா இருந்தா கடைக்கு வாங்க, ஒரிஜினல் காட்டுறேன்" என்றார். "அவரு உன் கூட்டாளி, அப்படித்தான் சொல்வாரு" என்று அத்தான் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஒருநாள் அண்ணன் வேலை முடிந்து வந்தபோது, வாசலில் செருப்பு அலமாரியின்மேல் ஒரு சிவப்புத் துணி முடிச்சு இருந்தது. அத்தான் வீட்டார் அவர் வரும்வரை காத்திருக்கவில்லை, தொலைபேசியில் சொல்லவுமில்லை. முடிச்சுக்குள் கல் மட்டும் இருந்தது. தங்க விளிம்பைக் குறடால் நெம்பிக் கழற்றித் தங்களிடமே வைத்துக்கொண்டுவிட்டார்கள். தங்கத்தைச் சனி பிடிக்காது போலிருக்கிறது.

குறடு பட்டதில் கல்லின் ஓரம் சிதைந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதை மறுபடியும் குச்சியில் ஒட்டி, முரட்டுச் சக்கரத்திலிருந்து தொடங்கினார். "யாருக்குண்ணே இது இனிமே?" என்று கேட்டேன். எனக்குக் கோபம். "யாருக்கும் இல்லம்மா. காயத்தோட விட மனசு வரல" என்றார். கல் கொஞ்சம் சிறுத்துவிட்டது. பளபளப்பு முன்னைவிடக் கூடியது.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அக்காவின் இரண்டாவது பெண்ணுக்குத் திருமணம் வந்தது. அண்ணன் அதற்குள் ஒரு கல்லைத் தயாராக வைத்திருந்தார். சூதுபவளம். தீபச் சுடரின் நிறம், நீலம் மருந்துக்கும் கிடையாது. "அக்காகிட்ட கேட்டுச் சொல்லும்மா, செவப்புன்னா பரவாயில்லையான்னு" என்று என்னிடம் கேட்டார். ஒரு தாய்மாமன் தான் செய்யும் சீருக்குச் சம்மதம் கேட்டு ஆள் அனுப்புகிறார். நான் கேட்டேன். "பாக்கலாம்" என்றார் அக்கா. அண்ணனின் சொல் அது. அக்கா வாயில் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

பத்திரிகை எனக்கு வந்தது, அண்ணனுக்கு வரவில்லை. கேலாங் பக்கம் கோயிலில் திருமணம். தாய்மாமன் மாலையை அத்தானின் பெரியப்பா மகன் போட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. அன்று ஈசூனில் அண்ணனும் நானும் இடியாப்பம் வாங்கிச் சாப்பிட்டோம். ஒருவரையொருவர் பார்க்காமல் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உயிரோடு இருக்கும் தாய்மாமனை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் தாய்மாமனாக நிறுத்துவது எந்த ஊர் வழக்கம் என்று இந்த மலரைப் படிக்கும் பெரியவர்கள் யாராவது எனக்குச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அண்ணனின் இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தது. மருத்துவமனையில் படுத்த பிறகு அவர் அதிகம் பேசவில்லை. ஒருமுறை மட்டும், "சின்னவ புடவை என்ன கலர்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "செவப்பா இருந்தா அந்தக் கல்லு எடுப்பா இருந்திருக்கும்" என்றார். உறவினர்கள் எத்தனையோ பேருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். கைகூப்பும் படங்கள் நிறைய வந்தன. ஆட்கள் வரவில்லை. அண்ணன் போனார்.

இறந்த பிறகு எல்லோரும் வந்தீர்கள். அண்ணனின் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளம் கூட்டம் கொள்ளவில்லை. அத்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா மயங்கி விழுந்தார். "எங்க குடும்பத்துத் தூணு" என்று ஒருவர் பேசினார். அந்தக் கண்ணீரைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணன் சொன்னதை மட்டும் நினைத்துக்கொண்டேன். காய்ந்த பிறகு பார்க்கலாம் என்று இருந்தேன். மண்டாய் தகனச் சாலையில் என் மகன் கொள்ளி வைத்தான். அதற்குப் பிறகு இந்த ஓராண்டில் நான் விளக்கேற்றி வைத்திருக்கும் அந்த ஈசூன் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் மிகச் சிலர்.

அவர்களுக்கு முதலில் நன்றி. அண்ணனைத் தங்களைப் பெற்ற தகப்பனைப்போல நினைத்துத் துடைத்துக் குளிப்பாட்டிய தாதியருக்கு நன்றி. கஞ்சி வைத்துக் கொடுத்த கீழ்வீட்டு மலாய் அம்மாவுக்கு நன்றி. கடையை அடைத்துவிட்டு வந்து இரவெல்லாம் உட்கார்ந்திருந்த பாய்க்கு நன்றி. மின்தூக்கி வேலை நண்பர்களுக்கும், எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்று செய்த என் மகனுக்கும் நன்றி.

கருமாதியன்று கடற்கரைக்கு வந்திருந்த உறவினர்களுக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதில் நீங்கள் அறியாத ஒரு சங்கதி இருக்கிறது.

அண்ணனின் ஆவியை ஒரு கல்லில் நிறுத்தி, எண்ணெய் வைத்து, பால் ஊற்றி, கும்பிட்டு, கடலில் விடுவது நம் முறை. "கல்லு கொண்டு வந்திருக்கீங்களா?" என்று பூசாரி கேட்டார். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "என்னங்க, இப்படிப் பளபளங்குது?" என்றார். "அவரே தேய்ச்சதுங்க" என்றேன். "அப்ப இதைவிடப் பொருத்தமான கல்லு வேற ஏது" என்று சொல்லி, மஞ்சளை அப்பி, தருப்பைக்கு நடுவில் வைத்தார்.

மஞ்சள் பூசியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அத்தான் முதலில் வந்து எண்ணெய் வைத்துக் கும்பிட்டார். அக்கா அழுதுகொண்டே பால் ஊற்றினார். வரிசையாக எல்லோரும் ஊற்றினீர்கள். ஒவ்வொரு குவளைக்கும் மஞ்சள் கரைந்துகொண்டே வந்தது. கடைசியாக மூத்தவள் வந்து குனிந்தபோது கல் பாதி வெளியே தெரிந்தது. நீலம், நடுவில் வெள்ளைக் கோடு. அவள் கை நின்றுவிட்டது.

"சித்தி, இது..."

"ஊத்தும்மா" என்றேன்.

ஊற்றினாள். அவள் மட்டும் நெற்றியைக் கல்லில் வைத்துக் கும்பிட்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அதற்காக அவளுக்கு என் தனிப்பட்ட நன்றி. சூதுபவளம் என்னிடம்தான் இருக்கிறது. சின்னவள் வந்து வாயால் கேட்டால் கொடுப்பேன்.

ஓராண்டு ஆகிவிட்டது. அக்காவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளைக்குப் பதவி உயர்ந்திருக்கிறது. சின்னவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அத்தான் கார் மாற்றியிருக்கிறார். அந்தக் கல்லைத் தொட்டு எண்ணெய் வைத்துக் கும்பிட்டவர்களில் ஒருவருக்கும் ஒரு சளி காய்ச்சல்கூட வந்ததாக நான் கேள்விப்படவில்லை. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அண்ணன் நினைத்தார், நன்றாக இருங்கள்.

அது சும்மா கல்லு, யாரையும் ஒண்ணும் பண்ணாது என்று அவர் அன்றைக்கே சொன்னார்.