ஓர் எழுத்தும் மாறாமல்

என் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர் மர்சூக் மௌத்தாகி, அடக்கம் செய்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கல்முனையில் புடைவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் அறை எடுத்து, கொழும்பிலிருந்து பழைய கொம்பியூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துத் தொழில் செய்தவர் அவர். கல்யாணக் கடிதம், பாடசாலை மலர், மரண அறிவித்தல் எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்பார். அடிப்பது அவருடைய மனைவி சுபைறா. அவள் எனக்கு மச்சி; பெண்கள் பாடசாலையில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவளும்கூட. அவளது விரல்கள் வேகமானவை. காக்காவுக்கு அந்த வேகம் வராது. அவருடைய வேலை காவல் காப்பது.

காவல் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் உப்புக்காற்று இரும்பையே தின்றுவிடும், டிஸ்கட் எந்த மூலைக்கு. நேற்று நன்றாகத் திறந்த கோப்பு இன்று பாதியில் குப்பையாக நிற்கும். மின்சாரம் போய் வந்தால் எது போயிற்று, எது மிஞ்சிற்று என்று தெரியாது. அதனால் சின்ன நிரல் ஒன்றை அவர் எங்கிருந்தோ தேடிப் பிடித்து வைத்திருந்தார். அது ஒரு கோப்பை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து ஓர் எண்ணைச் சொல்லும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். காக்கா அந்த எண்ணைக் கைநாட்டு என்பார். இன்னொரு நிரல் ஒன்றுபோலிருக்கும் கோப்புகளைத் தேடிப் பிடிக்கும். கொம்பியூட்டரில் இடம் குறைவு. ஆகவே ஒவ்வொரு வேலையும் முடிந்தவுடன் இரட்டைகளைத் தேடி, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவார்.

நிந்தவூர் ஆதம்பாவா சேர் தன் புத்தகத்தைக் கொண்டுவந்தது தொண்ணூற்றேழில். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தபோது ஊர் ஊராக யார் யாருக்கு என்ன நடந்தது என்று பல வருடம் கேட்டு எழுதியிருந்தார். நெஞ்சு வருத்தக்காரர். படிக்கட்டில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் மேலே வந்தார்.

"தம்பி, நான் எழுதினதில ஒரு எழுத்தும் மாறப் படாது. சில ஆக்களுக்கு நோகும். நோகட்டும்" என்றார்.

"ஒரு எழுத்தும் மாறாது சேர். கைநாட்டு எடுத்து வைப்பன்."

"என்ட கைநாட்டா? நான் படிப்பிச்ச ஆள் தம்பி, கையெழுத்தே வைப்பன்."

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சுபைறாவும் சிரித்தாள்.

நோகும் என்று அவர் சொன்ன ஆட்களில் ஒருவர் சுபைறாவின் வாப்பா. சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருந்த மீராமுகைதீன். அவரும் மௌத்தாகி வெகுகாலம். சூறாவளி இரவில் கூரை பறந்த சனம் ஆலைக் கதவில் போய்த் தட்டியது என்றும், உள்ளே இருந்தவர் திறக்கவில்லை என்றும், வெளியே மதிலோரம் ஒதுங்கி நின்ற ஒரு பெண்ணின் கைக்குழந்தை விடியுமுன் மௌத்தாயிற்று என்றும் சேர் எழுதியிருந்தார். ஒரு பந்தி, ஏழெட்டு வரி, அவ்வளவுதான். பெயரும் இருந்தது. சேருக்குச் சுபைறா யாருடைய மகள் என்று தெரியாது. காக்காவுக்குத் தெரியும். அந்தப் பந்தியைத் தானே அடிக்கவா என்று அவளிடம் கேட்டாராம். வேண்டாம், நானே அடிக்கிறேன் என்றிருக்கிறாள்.

புத்தகம் முடிந்தது. சேர் தாள்களை வாசித்து ஒவ்வொன்றிலும் கையெழுத்து வைத்தார். அன்றைக்கே காக்கா கோப்பை டிஸ்கட்டில் ஏற்றிப் பூட்டிவைத்தார். அச்சகத்துக்குக் கொடுக்கும் நாளில் வழக்கம்போல இரட்டைகளைத் தேடினார். கொம்பியூட்டரில் இருந்த புத்தகமும் டிஸ்கட்டில் இருந்த புத்தகமும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். நிரல் அவற்றை இரட்டையாகக் காட்டவில்லை. கைநாட்டு எடுத்துப் பார்த்தார். எண்கள் வேறு.

இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் கட்டளை ஒன்றும் இருந்தது. அதைப் போட்டதும் பல இடங்களில் வேறுபாடு என்று எண்களாக வரிசைகட்டி வந்தது. காக்கா எல்லாவற்றையும் பார்க்கவில்லை. அவர் தேடிப் போனது ஒரே இடத்துக்கு. ஆலைக் கதவுப் பந்தியில், குழந்தை மௌத்தான வரியில், வேறுபாடு இருந்தது.

திரையில் இரண்டு வரிகளையும் வாசித்தார். ஒரே வரிதான். தாளில் அச்சடித்து வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று பிடித்துப் பார்த்தார். அப்போதும் ஒரே வரிதான். ஆனால் எண் பொய் சொல்லாது என்பது அவர் கண்ட உண்மை. அவள் முதலில் மாற்றியிருக்கிறாள், பிறகு பயந்து பழையபடி அடித்துவைத்திருக்கிறாள், எங்கோ ஒரு தடயம் மிஞ்சிவிட்டது என்று முடிவுகட்டினார்.

அன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன்.

"சேர் கையெழுத்து வச்ச பிறகு அதில கை வச்சயா?" என்று கேட்டார்.

"ஓம். எழுத்துத் திருத்தினன்."

"எழுத்தைத் திருத்தினயா?"

சுபைறா அவருடைய முகத்தைப் பார்த்தாள். என்ன கேட்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"வாப்பாட கதையையா கேக்கிறீங்க? வாசிச்சுப் பாருங்க."

"வாசிச்சன். ஒண்ணுதான். ஆனா நம்பர் வேற."

"அப்ப அந்த நம்பரையே கல்யாணம் முடிச்சிருக்கலாமே. சீதனத்துக்கு வீடும் தந்திருக்கும்."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு விளக்கம் போதும், சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்த ஆண்தான் அங்கே போய் இருக்கிறான். கோபித்துக்கொண்டு போவதென்றாலும் அவன்தான் போகவேண்டும். காக்கா உடுக்க ஒரு சாரனையும் துவாயையும் எடுத்துக்கொண்டு கடை அறையில் போய்ப் படுத்தார். புத்தகத்தை அச்சகத்துக்குக் கொடுக்கவில்லை. எது சரியான கோப்பு என்று தெரியாமல் கொடுக்கமாட்டேன் என்றார். டிஸ்கட்டில் இருப்பதைக் கொடுங்களேன் என்று நான் சொன்னேன். கொடுத்தால் அவள் மாற்றினாள் என்று ஆகிவிடும், கொம்பியூட்டரில் இருப்பதைக் கொடுத்தால் நான் வாக்கு மாறினவன் ஆகிவிடுவேன் என்றார். ஆதம்பாவா சேர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார். மின்சாரம் இல்லை என்று ஒரு தரமும் மை வரவில்லை என்று ஒரு தரமும் காக்கா சொல்லியனுப்பினார்.

மூன்றாவது தரம் வந்தது சேரின் மகன். தகப்பனின் மரண அறிவித்தல் அடிக்க வந்திருந்தார்.

சுபைறா இல்லாததால் காக்காவே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். மௌத்தானார் என்று அடிக்கும்போது கொம்புக்கும் மகரத்துக்கும் பிறகு விரல் தானாக ளகர எழுத்தில் போய் விழுந்தது. கண்ணுக்கு அதுதானே அந்தக் குறி. திரையில் சொல் சரியாகவே வந்தது. ஔகாரக் குறிக்கென்று தனி விசை ஒன்று இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்து, அழித்துவிட்டு அதை அடித்தார். பார்வைக்கு எதுவும் மாறவில்லை. கொம்பியூட்டருக்கு மட்டும் அது வேறு சொல்.

சேரின் மகனை அனுப்பிவிட்டு, ஒப்பிட்டு வந்த அந்த வரிசையை முதன்முறையாக முழுவதும் பார்த்தாராம். வேறுபாடு இருந்த இடமெல்லாம் மௌத்து என்ற சொல். சூறாவளிப் புத்தகம், அந்தச் சொல்லுக்கா குறைவு. அவள் முதலில் ளகரம் போட்டே அடித்திருக்கிறாள். பின்னால் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தபோது கொம்பியூட்டர் இல்லை என்றிருக்கிறது. ஒவ்வொன்றாகப் போய்க் குறியைச் சரியாக வைத்திருக்கிறாள். எழுத்துத் திருத்தினேன் என்று அவள் சொன்னது அதைத்தான்.

ஜனாஸா நல்லடக்கத்துக்குப் போய்விட்டு அந்தியில் காக்கா வீட்டுக்கு வந்தார். சுபைறா வாசலில் நின்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். எந்த விசை, எந்தக் குறி, ஏன் தாளில் தெரியவில்லை, ஏன் எண் மாறியது என்று சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்துகொண்டு வந்தது. அத்தனை நாள் கிடந்த பாரம் இறங்கின முகம். அவள் முடியும்வரை கேட்டாள்.

"சோறு இரிக்கு, தின்னுங்க" என்றாள்.

அவள் திருத்திய கோப்பிலிருந்துதான் புத்தகம் அச்சாயிற்று. டிஸ்கட்டில் இருந்ததைக் காக்கா தன் கையால் அழித்தார். சுபைறா அதற்குப் பிறகு கடைக்குப் போகவில்லை. சண்டையில்லை, பேச்சும் நிற்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள், வீட்டில் வேலை என்றாள். காக்கா இரண்டு விரலால் அடித்தார். வேலை பிந்தியது. பாடசாலைகள் வேறு இடத்துக்குப் போயின. இந்த வருடம் நெஞ்சு நின்றபோது அவருக்கு நாற்பத்தொரு வயது.

சுபைறா இப்போது, கணவன் மௌத்தானபின் பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவில் இருக்கிறாள். பின்னேரங்களில் நான் போய்ப் பக்கத்தில் இருப்பேன். போன கிழமை ஒரு நாள், எங்கள் உம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுபோன கஞ்சியை அவள் குடித்துக்கொண்டிருந்தபோது, கடைக்கு ஏன் பிறகு போகவில்லை என்று கேட்டுவிட்டேன். சந்தேகப்பட்டார் என்றா என்றேன்.

"சந்தேகம் யாருக்கும் வரும் மச்சி" என்றாள். கோப்பையைக் கீழே வைத்தாள். "வாப்பா கதவத் திறக்கல்ல எண்டத நான் என்ட கையால அடிச்சன். ஒண்ணும் கூட்டல்ல, குறைக்கல்ல. அந்தப் பந்திய அடிச்சு முடிக்க எனக்கு ஒரு பகல் எடுத்திச்சு. மாத்தல்ல எண்டு கண்டுபிடிச்சு வந்து நிண்டாரே, அப்பவாவது அத ஒரு வார்த்தை சொல்லுவார் எண்டு பாத்தன். விசைப் பலகையப் பத்தித்தான் சொன்னார்."

காக்கா நல்லவர் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அது அவளுக்குத் தெரியாததல்ல.

கஞ்சி ஆறிவிட்டது என்றாள். சூடாக்கித் தரவா என்று கேட்டேன். வேண்டாம், போதும் என்றாள்.