சுடுதண்ணி வராத நாள்

அந்த ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் தட்டுக் கழுவுகிற பெண்ணுக்குச் "சுடுதண்ணி" என்று பெயர் வைத்தவர்கள் இரண்டு காரணத்துக்காக வைத்தார்கள். பதினொரு வருஷமாக அவள் கை கொதிக்கிற தண்ணீரிலேயே கிடக்கிறது என்பது ஒன்று. அவள் வாயிலிருந்து வருவதும் அதே சூட்டில்தான் வரும் என்பது மற்றொன்று. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "பச்சைத்தண்ணின்னு வைக்காம விட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பாள்.

இப்படிப்பட்டவள் வேலை செய்கிற இடத்தின் வாசலில்தான் போன வருஷம் ஒரு பெட்டியை மாட்டினார்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அடியில் ஒரு கண்ணாடி, அதற்குள் பச்சை வெளிச்சம். வேலைக்கு வருகிறவர்கள் அதில் பெருவிரலை வைக்க வேண்டும். "நன்றி" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் சொன்னால் ஆள் வந்தாயிற்று. "மீண்டும் முயற்சிக்கவும்" என்று சொன்னால் ஆள் வரவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிரே நின்றாலும் வரவில்லைதான்.

பதினொரு வருஷம் காரச் சோப்பிலும் வெந்நீரிலும் ஊறிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? சுடுதண்ணியின் விரல்களெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தன. காய் நறுக்குகிறவர்கள், கரண்டி பிடிக்கிறவர்கள், ஒரு வேலையும் செய்யாமல் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் எல்லாருக்கும் அந்தப் பெட்டி நன்றி சொன்னது. உழைத்துத் தேய்ந்தவளை மட்டும் யார் நீ என்று கேட்டது. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் வாழ்க்கையில் ஒரு டம்ளரையாவது கழுவி வைத்திருப்பானா என்பது சந்தேகம்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஊதிவிட்டு வைக்கச் சொன்னார் சமையல்காரர். எண்ணெய் தடவச் சொன்னார் வண்டி தள்ளுகிறவர். தலைமுடியில் தேய்த்துவிட்டு வைத்தால் எடுக்கும் என்றாள் கூட வேலை செய்கிற நெட்டை. சுடுதண்ணி எல்லாவற்றையும் செய்தாள். சில நாள் ஏழாவது தடவையில் எடுத்தது. பல நாள் எடுக்கவே இல்லை.

"மீண்டும் முயற்சிக்கவும்."

"முயற்சிக்கிறேண்டி, விடிஞ்சதிலேர்ந்து அதைத்தான் பண்றேன். உனக்கு வேற வார்த்தையே தெரியாதா?"

எடுக்காத நாளில் கண்காணிப்பாளர் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, மாடி ஆபீசில் இருக்கிற எழுத்தருக்கு அனுப்ப வேண்டும். எழுத்தர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். கம்ப்யூட்டர் மனசு வைத்தால் ஏறும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே அந்தப் பூசாரிக்கு நெட்வொர்க் வேறு கிடைக்க வேண்டும்.

இந்த வருஷம் அவளுக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். இருநூற்று ஐம்பது நாள் குறையாமல் வந்தவர்களுக்கு வேலை நிரந்தரம் என்று ஆபீசில் அறிக்கை ஒட்டியிருந்தார்கள். அதுவரை அவள் தற்காலிகம். தற்காலிகம் என்றால் ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி ஒண்ணாந்தேதி, ஆபீஸ் முற்றத்தில் வரிசையில் நின்று, தான் செய்துகொண்டிருக்கிற அதே வேலையைத் தனக்குத் தரும்படி கேட்க வேண்டும். பதினொரு தடவை அப்படி நின்றிருக்கிறாள். அந்த வரிசையில் நிற்கும்போது மட்டும் அவளுக்கு வாய் வராது. அதுதான் அவளுக்கு எரிச்சல். இன்னொரு தடவை நிற்கக் கூடாது என்று வீட்டுக் காலண்டரில் வேலைக்குப் போன நாளையெல்லாம் வட்டமாகச் சுழித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டிலும் அவளுக்கு நிம்மதி கிடையாது. அம்மாவின் கைக்கு ஓய்வு வேண்டும் என்று கல்யாணமாகிப் போன மகள் ஒரு துணி துவைக்கும் மெஷின் வாங்கி அனுப்பியிருந்தாள். பாட்டெல்லாம் பாடும். முடிய ஏழு நிமிஷம் என்று காட்டும். அந்த ஏழு நிமிஷம் ஒரு மணி நேரம் ஓடும். பிறகு வயிறு நிறையத் தண்ணீரோடும் துணியோடும் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். உள்ளே கிடப்பது அவளுடைய ஒரே மாற்று யூனிஃபார்ம்.

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாரேன்" என்றார் கணவர், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.

"உங்களைத்தாங்க ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதே நாற்காலியிலேயே ஹேங் ஆகிக் கிடக்கீங்க."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் போட்ட யூனிஃபார்மையே உதறிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அது வருஷக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று பெட்டி பத்துத் தடவை கேட்டும் அவளை எடுக்கவில்லை. சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று உள்ளே போனால், அங்கே அதைவிடப் பெரிய கூத்து நடந்துகொண்டிருந்தது.

தட்டுக் கழுவ ஒரு பெரிய மெஷின் இருந்தது. தட்டுகளை அடுக்கிக் கதவைச் சாத்தினால் அதுவே கழுவிக் கொடுக்கும் என்று சொல்லி வாங்கியது. அன்று அதன் திரையில் "கதவை மூடவும்" என்று வந்திருந்தது. கதவு மூடித்தான் இருந்தது. நெட்டை திறந்து மூடினாள். மெதுவாக மூடினாள், ஓங்கி மூடினாள். கதவை மூடவும். கண்காணிப்பாளர் கம்பெனிக்குப் போன் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று சொல்லி அவர்கள் இசை போட்டுவிட்டார்கள். அந்த முக்கியமான மனுஷர் போனைக் காதில் வைத்தபடி முக்கால் மணி நேரம் நின்றார்.

பன்னிரண்டு மணிக்கு வார்டுகளுக்குச் சாப்பாடு போக வேண்டும். காலைத் தட்டுகள் கஞ்சி ஒட்டிக் காய்ந்து மலையாகக் கிடந்தன.

"தள்ளுடி" என்று நெட்டையை நகர்த்திவிட்டு, சுடுதண்ணி அந்தக் கதவை இடுப்பால் ஓர் இடி இடித்தாள். தகரம் லேசாக நசுங்கியது. திரை அணைந்தது. அணைந்ததாவது நல்லது, பொய் சொல்வதை நிறுத்தியதே என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு கையை மடித்துவிட்டுக்கொண்டு தட்டுகளைத் தொட்டியில் இறக்கினாள். நெட்டை துடைக்கத் துடைக்க, நானூற்றுப் பன்னிரண்டு தட்டுகளை அவள் ஒருத்தியே தேய்த்தாள். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசித் தட்டு வண்டியில் ஏறியது. இத்தனை அமளியில் சீட்டு எழுத யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவளுக்கும்தான்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பெனி ஆள் வந்தார். நசுங்கிய இடத்தைப் படம் எடுத்தார். வெளியிலிருந்து விழுந்த அடியால் பழுது, கம்பெனி பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடி விழுவதற்கு முன்பே அது செத்துக் கிடந்ததை எழுத அவருடைய படிவத்தில் இடம் இல்லையாம். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு இப்போது பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது.

அதே வாரம் வருகைப் பட்டியலும் வந்தது. காலண்டரில் அவள் சுழித்தது இருநூற்று ஐம்பது. பட்டியலில் இருநூற்று நாற்பத்தொன்பது.

கண்காணிப்பாளர் அவளை ஸ்டோர் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அக்கா, ஒரு விதத்துல உங்களுக்கு நல்ல நேரம். மெஷின் போன அன்னிக்கு நீங்க வேலைக்கே வரலை. சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு."

"வராமத்தான் நானூத்திச் சொச்சம் தட்டைக் கழுவுனேனா சார்? இல்ல உங்க சிஸ்டம் வந்து கழுவுச்சா?"

"கத்தாதீங்க. நீங்க வரலைன்னா இடிச்சதும் நீங்க இல்லை. அன்னிக்கு நெட்டை மட்டும்தான் இருந்ததாக் காட்டுது. அவ வந்தே மூணு மாசம்தான் ஆகுது, அனுப்பிட்டா விஷயம் முடிஞ்சுரும். நீங்க எப்பவும்போல ஒண்ணாந்தேதி வரிசையில நில்லுங்க. நானே சொல்லி உள்ள எடுத்துக்கறேன்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வந்தேன் என்றால் வேலையே போகும். வரவில்லை என்றால் வேலை இருக்கும், நிரந்தரம் போகும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நெட்டையின் தலையும் உருளும்.

நெட்டையைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பு அந்த நிமிஷம் அவளுக்கு வரவில்லை. அதை மறைப்பதில் லாபமில்லை. அவளுக்கு வந்தது வெறும் கோபம். அந்தச் செவ்வாய்க்கிழமை மாதிரி ஒரு நாள் அவள் வாழ்க்கையிலேயே உழைத்ததில்லை. இருக்கிற நாளிலெல்லாம் அந்த ஒரு நாளைப் பார்த்து, நீ இல்லை என்கிறார்கள். கதவைத் திறந்துகொண்டு நேரே மாடிக்கு ஏறினாள். கண்காணிப்பாளர் பின்னாலேயே ஓடினார்.

மாடியில் எழுத்தர் மவுஸைத் தூக்கித் தூக்கி மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லாதவர், அந்தக் கம்ப்யூட்டரோடு அவருக்கும் தினம் ஒரு சண்டை.

"அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வந்தேங்க. ஏத்துங்க."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "மாசக் கணக்கை மூடியாச்சும்மா. இந்தப் பொத்தான் சாம்பல் கலர்ல இருக்கு பாருங்க, நான் என்ன பண்ணினாலும் அமுங்காது. மேலிடத்துல கேட்டா கம்பெனியைக் கேளுங்கறாங்க. கம்பெனியைக் கேட்டா பாட்டுப் போடறாங்க."

"சரி. அன்னிக்கு அந்த மெஷினை இடிச்சதும் நான்தான். அதை ஏத்த முடியுமா?"

எழுத்தர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் ஜன்னலைப் பார்த்தார்.

"அது பேப்பர்தானே. எழுதலாம்."

எழுதினார். அன்று காலை ஏழு மணி முதல் பணியில் இருந்த நான், கதவை இடுப்பால் இடித்துச் சேதப்படுத்தினேன். அவள் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். ரேகையும் வைக்க வேண்டும் என்று மைப்பெட்டியைத் தள்ளினார். பெருவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினாள். ஒரு கோடுகூட இல்லாமல் மொட்டையாக ஒரு நீலப் பொட்டு விழுந்தது. எழுத்தர் அதை ஊதிக் காயவைத்து ஃபைலில் கோத்தார்.

"எடுத்துக்கிச்சா?" என்று கேட்டாள்.

"எதும்மா?"

"என் விரலு. ஒரு வருஷமா யாரும் எடுத்துக்காத விரலு. கோடே இல்லையே, இது என்னுதுதான்னு எப்படிங்க தெரியும்?"

"என்ன கேள்வி இது? என் கண்ணு முன்னாலதானே வச்சீங்க."

"அப்ப கண்ணால பார்த்தா போதும்" என்றாள் சுடுதண்ணி. "குத்தம்னா கண்ணு போதும். வேலைக்கு வந்தேன்னா மட்டும் பெட்டி சொல்லணும். அப்படித்தானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல், விசாரணை முடிகிறவரை நாளையிலிருந்து அவள் வர வேண்டாம் என்றார்.

"நாளையிலேர்ந்துதானே" என்று கண்காணிப்பாளர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "இன்னிக்கு மத்தியானத் தட்டை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்கக்கா. மெஷினும் இல்லை, நெட்டை ஒருத்தியால ஆகாது."

"காலைல பெட்டி என்னை எடுத்துச்சா சார்?"

"இல்லை... சீட்டு இப்பவே எழுதித் தரேன்."

"வேணாம் சார். நான்தான் இன்னிக்கு வரவே இல்லையே. வராதவ எப்படித் தட்டுக் கழுவுவா?"

ஈர ஏப்ரனை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கினாள். பாதிப் படியில்தான் வேலை போய்விட்டது என்பது அவளுக்கு உறைத்தது. அழுதால் அது அவர்களுக்காக அழுத மாதிரி ஆகிவிடும் என்று அழவில்லை.

பையை எடுக்கச் சமையல்கட்டுக்குள் போனபோது வார்டிலிருந்து முதல் வண்டி வந்துவிட்டிருந்தது. தொட்டியில் ஆவி பறந்தது. அவளுக்குப் பின்னாலேயே வந்த கண்காணிப்பாளர் வண்டியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விரல் நுனியைத் தண்ணீரில் விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பார்த்து விடுங்க சார்" என்றாள் நெட்டை, தலையைத் தூக்காமலே. "ரொம்ப நேரம் வச்சா ரேகை போயிடும்."