மலைக்குப் போனவளும் கரையில் இருந்தவனும்

நாற்பத்தெட்டு வயதில் கல்யாணம் செய்துகொண்டவனுக்குத் தேனிலவு என்ற சொல் வாயில் வராது. லீவு விண்ணப்பத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதிக் கொடுத்தேன். துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் தயார் செய்கிற அலுவலகம் எங்களுடையது. எதையும் அதற்குரிய தலைப்பின் கீழ் எழுதியாக வேண்டும். மேலாளர் விடவில்லை, என்ன வேலை என்று கேட்டார். மலையில் நாலு நாள் நடை, ராத்திரி குடிசைகளில் தங்கல் என்றேன். என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

மலை என் யோசனை அல்ல. நான் மலையெல்லாம் புத்தகத்தில் ஏறியவன். பனிச்சிகரத்தில் கால்விரல்களைப் பறிகொடுத்தவர்களின் அனுபவங்களை கல்யாணத்துக்கு முன் இருந்த ராயபுரம் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து படுத்து, இடையில் வேர்க்கடலையும் தின்றபடி, முழுசாகப் படித்திருக்கிறேன். நேரில் பார்த்த மலை, ரயிலில் போகும்போது அத்திப்பட்டு பக்கம் தெரியும் நிலக்கரிக் குவியல்தான்.

ஆசை அவளுடையது. என் மனைவி காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலம் எடுத்து, கூடைக்காரப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறவள். இருபத்தைந்து வருஷமாக அதே வேலை. அப்பா கடலுக்குப் போனவர், இரண்டு தம்பிகளும் போகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் வழி பண்ணிவிட்டு நிமிர்ந்தபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. எதிரே நான் நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவுதான் எங்கள் காதல் கதை.

கல்யாணமான முதல் வாரம் அவர்கள் வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். பெரிய தம்பி ஐந்து நாள் கழித்துக் கடலிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். உறவு கொண்டாடும் ஆர்வத்தில் நான், “எப்படி, மீன் கிடைச்சுதா?” என்று கேட்டுவிட்டேன். மாமியார் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சான் கால் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் விளக்கினாள். அவர்கள் வீட்டில் கடலிலிருந்து வந்தவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சுடுதண்ணீர் கொடுப்பார்கள், சோறு போடுவார்கள். தின்று முடித்து அவனாகச் சொன்னால்தான் கதை. சொல்லாவிட்டால், கதை இல்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

அதே பேச்சின் வாலில்தான் மலை வந்தது. “எங்கப்பா போய்ட்டு வந்து சொல்வாரு, கேட்டுகினு இருந்தேன். அப்பால தம்பிங்க போய்ட்டு வந்து சொன்னானுங்க, அதியும் கேட்டேன்,” என்றாள். “ஒரு தபா நான் எங்கனா போய்ட்டு வந்து சொல்லணுங்க.”

அவர்கள் படகில் பெண்களை ஏற்றுவதில்லை. கடல் அவளுக்கு மூடிய வாசல். கூடைக்காரி ஒருத்தியின் மகள் ஏதோ மலைக்கு நடந்து போய் எடுத்த படங்களைப் போனில் காட்டியிருக்கிறாள். உச்சியில் ஒரு ஒற்றைப் பாறை, அதன் மேல் அந்தப் பெண். இவள் மனசு அந்தப் பாறையில் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் பயிற்சியில் இறங்கினேன். திருவொற்றியூரில் நாங்கள் இருப்பது நான்காவது மாடி. தினமும் காலையில் பத்து முறை படியேறினேன். ஏறிய ஒவ்வொரு முறையும் லிஃப்டில் கீழே வந்தேன். மலை என்றால் ஏறுவதுதானே, இறங்குவதற்கு எதற்குப் பயிற்சி என்பது என் கணக்கு. மேடு என்பதே பாலத்தில் மட்டும் இருக்கிற ஊரில் பிறந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? என்ன தேடுகிறீர்கள் என்று வாட்ச்மேன் மூன்றாம் நாள் கேட்டார். அதோடு, கணுக்கால் வரை மூடுகிற, சிறு படகு மாதிரியான ஒரு ஜோடி பூட்ஸும் வாங்கினேன். அவள் ஏலக்கூடத்துக்குப் போட்டுப் போகும் ரப்பர் செருப்பே போதும் என்றாள். மலையைப் பற்றி நிறையப் படித்தவன் என்ற முறையில் நான் இரக்கத்தோடு சிரித்தேன்.

மலையடிவாரத்தில் வழிகாட்டி காத்திருந்தார். அந்த மலையிலேயே பிறந்த ஐம்பது வயதுக்காரர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். எங்களோடு வந்த மற்ற ஆறு பேரும் எங்கள் வயதில் பாதி. “கல்யாணமாகி எத்தனை ஆச்சுக்கா?” என்று வழிகாட்டி அவளிடம் கேட்டார். “பத்தொம்போது,” என்றாள். பரவாயில்லையே, இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் சேர்ந்து கிளம்பி வந்திருக்கிறீர்களே என்று அவர் பாராட்டினார். “வருஷமில்லண்ணா, நாளு,” என்றாள். அவர் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் கவலையோடு பார்த்தார்.

முதல் நாள் முழுக்க ஏற்றம். நான் நன்றாகவே ஏறினேன். தகரக் கூரை போட்ட முதல் குடிசைக்கு இளைஞர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்து, வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றேன். மலை என்பது பெரிய விஷயமில்லை என்று அவளிடம் சொன்னதாகவும் நினைவு.

இரண்டாம் நாள் பாதை கீழே இறங்கியது. இப்படி ஒரு திருப்பத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பள்ளத்தாக்கில் முழுசாக இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறினால்தான் இரண்டாவது குடிசை. அரை மணி நேரத்தில் என் வலது முட்டி முனகியது, ஒரு மணி நேரத்தில் வாய்விட்டுப் பேசியது. பாறைகளெல்லாம் பாசி. என் பூட்ஸ் வழுக்கிய இடங்களில் அவள் ரப்பர் செருப்பு வழுக்கவில்லை. மீன் செதிலும் ஐஸ் தண்ணீரும் கலந்த தரையில் கையில் கூடையோடு இருபத்தைந்து வருஷம் நடந்த கால் அது. கால்விரல்களைச் சற்று விரித்து, பாதத்தை முழுசாகப் பதித்து, அடுத்த அடியை அவசரமில்லாமல் எடுத்தாள். நான் படித்த எந்த மலையேறியும் இந்த நடையைப் பற்றி எழுதவில்லை.

மூன்றாவது முறை நான் உட்கார்ந்தபடியே நாலடி சறுக்கியபோது, அதுவரை என்னை ‘வாங்க, போங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள், “அங்கியே குந்துயா, எய்ந்திரிக்காத,” என்றாள். மரியாதை அந்த இடத்தில் இறங்கியது, பிறகு ஏறவே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. என் பையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். “இன்னா கீது இதுல?” மூன்று புத்தகங்கள், இரண்டு தடிமனானவை. அவள் துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்து, அதன் மேல் என் பையை ஏற்றி, தன் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு கையை எனக்குக் கொடுத்தாள். இளைஞர்கள் படமெடுத்தார்கள். அந்தப் படத்தில் அவள் மகாராணி மாதிரி இருப்பாள். அவள் கையைப் பிடித்திருப்பது அரண்மனையில் உள்ள ஒரு வயோதிகர்.

இரண்டாவது குடிசையில் முட்டி பலாப்பழமாகியிருந்தது. வழிகாட்டி அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார். நாளைக்கு உச்சிக்குப் போய்த் திரும்ப முழு நாள் ஆகும், சார் இங்கேயே சமையல்காரரோடு இருக்கட்டும். நாலாம் நாள் மறுபக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் ஜீப் பாதை, அதுவரை சமாளித்துவிடலாம்.

காலையில் எல்லோரும் கிளம்பியபோது அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமான புதுசில் புருஷனை விட்டுவிட்டுப் போனால் நன்றாகவா இருக்கும் என்றாள். பாறை எங்கேயும் ஓடிவிடாது, இன்னொரு தபா வரலாம் என்றாள். அவள் குரலில் இன்னொரு தபா இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஏலம் கைநழுவும்போது அவள் முகம் இப்படித்தான் ஒன்றுமில்லாமல் ஆகும்.

எனக்கு நல்ல வசனங்கள் தெரியும், எல்லாம் படித்தவை. அப்போது ஒன்றுகூட வரவில்லை. செருப்பை எடுத்து அவள் காலருகே வைத்தேன்.

“நீ போய்ட்டு வா. நான் கேக்குறதுக்கு இருக்கேன்,” என்றேன்.

செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டாள். பிறகு மாட்டிக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. தம்பிகள் படகேறும்போதும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

தடிமனான புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தை மதியம் வரை படித்தேன். மூன்று மணிக்குத் திரும்பிவிடுவார்கள் என்று கணக்கு. இரண்டு மணிக்கு மழை பிடித்தது. மூன்றுக்கு யாரும் இல்லை. நாலுக்குப் பனிமூட்டம் வந்து பாதையையே துடைத்துவிட்டது. இதெல்லாம் வழக்கம்தான் என்றார் சமையல்காரர். என் கையில் வேலை கொடுத்தால் வாய் மூடும் என்று கண்டுபிடித்து ஒரு கூடை பீன்ஸைத் தள்ளினார். அவள் இறங்கி வரும் பாசிப் பாறைகள் ஒவ்வொன்றும் கண்முன் வந்தது. புயல் என்று கேட்டதும் அவள் வீட்டுப் பெண்கள் இப்படித்தான் எதையாவது நறுக்கிக்கொண்டிருந்திருப்பார்கள். பீன்ஸ் முடிந்தது. அவர் கேட்காமலே வெங்காயத்தையும் இழுத்துக்கொண்டேன். இடையில் நொண்டிக்கொண்டே போய் அடுப்பில் ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். அது கொதித்தது, ஆறியது. மறுபடி வைத்தேன்.

ஐந்தரைக்குப் பனியிலிருந்து முதலில் வழிகாட்டி வந்தார். அவருக்குப் பின்னால் அவள். ஒரு செருப்பின் வார் அறுந்து, கொடியால் கட்டியிருந்தது. காலெல்லாம் அட்டை கடித்த ரத்தக் கோடுகள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

உச்சிக்குப் போனாயா என்ற கேள்வி என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. வாழ்நாளில் ஒரு கேள்வியை இவ்வளவு பாடுபட்டு விழுங்கியதில்லை. வாளியில் சுடுதண்ணீரை ஊற்றி அவள் காலருகே வைத்தேன். கழுவினாள். சோறு கொண்டுவந்து கொடுத்தேன். தின்றாள். மறுசோறு வாங்கினாள். நான் எதிரே உட்கார்ந்து, வெங்காயத்தில் சிவந்த கண்களோடு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மேல போனமா? அந்தப் பாற மேல ஏறி நின்னனா? இன்னா தெரிஞ்சுதுன்ற? ஒண்ணியும் தெர்லயா. எல்லாம் வெள்ள.”

அந்த ஒன்றும் தெரியாததைப் பற்றி ஒன்றரை மணி நேரம் சொன்னாள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது, எந்த இடத்தில் கயிறு பிடித்தார்கள், பாதியில் திரும்பிவிடலாம் என்று அழுத பெண்ணை இவள் எப்படிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மேலே கூட்டிப் போனாள். மற்ற எல்லோரும் போர்வையை இழுத்துக்கொண்டு வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கூடவே போய்வந்தவர்களுக்கே அது புதுசாக இருந்தது. வழிகாட்டி சிரிப்பில் கொஞ்சம் செலவழித்தார்.

ஊருக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, ஏலம் முடிந்த பிறகு காசிமேட்டில் அதையே மறுபடி சொன்னாள். நான் முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட ஒரு கூடையின் மேல் உட்கார்ந்திருந்தேன். கயிறு பிடித்த பாறை இரண்டு மடங்கு உயர்ந்திருந்தது. அட்டைகள் விரால் மீன் அளவு வளர்ந்திருந்தன. நான் சறுக்கிய கதை வரப்போகிறது என்று தயாராக இருந்தேன். வரவில்லை.

வயதான கூடைக்காரி ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்ப உன் வூட்டுக்காரு எங்கடி இருந்தாரு?” என்று கேட்டாள்.

“அவரு கரைல இருந்தாரு,” என்றாள் என் மனைவி. “சுடுதண்ணி வெச்சினு குந்திகினு இருந்தாரு. ஒரு வார்த்த கேக்கல தெரியுமா?”

அத்தனை பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். காகிதம் எழுதியதற்காகவோ புத்தகம் படித்ததற்காகவோ என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், பக்கத்தில் இருந்த மத்தி மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.