சூளைக்குள் என் தலை

எண்பதுகளில், பெருமாள்மலைக்குப் பக்கத்தில் சிலை செய்யும் ஒரு அம்மாவின் சூளைக்கு விறகு கொண்டுபோய்ப் போட்டு, தீயும் மூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை, களிமண்ணில் என் தலையைச் செய்யப்போவதாகச் சொல்லி, ஒரு வாரம் என்னை எதிரே உட்காரவைத்தார்.

"செத்தவங்களுக்குத்தான் சிலை வைப்பாக. ஒங்களுக்கு என்ன அவசரம்?" என்றாள் என் மனைவி.

சூளை மூட்டும் நாளில் மேகம் பட்டறை வாசல்வரை இறங்கியிருந்தது. பலகைமேல் காய்ந்திருந்த தலையைப் பார்த்ததும் விறகுக்கட்டைக் கீழே போட்டுவிட்டேன். உச்சியைச் சுற்றி, அறுத்து ஒட்டிய தழும்பு. கண்கள் மூடியிருந்தன. பிணத்தின் முகம் அது. அதற்கு நானே தீ வைக்க வேண்டும்.

"என்னம்மா, மண்டைய அறுத்திருக்கீங்க?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டேன்.

"உள்ள இருக்கிற மண்ணைச் சுரண்டி எடுக்கணும்ணே. கெட்டியா இருந்தா தீயில வெடிச்சிரும்."

"கண்ணு ஏம்மா மூடிக் கெடக்கு?"

"நீங்க ஒரு தடவைகூட நிமிந்து பாக்கலையேண்ணே. நான் பாத்ததைத்தானே செய்ய முடியும்? மண்ணு காஞ்சிருச்சு, இனிமே மாத்த முடியாது. வேணாம்னா ஒடைச்சிருவோம். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

நிமிர்ந்தேன். அவர் நெற்றியோர முடியில் நரை இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

"சுட்டுருவோம்மா" என்றேன்.

தீ உறுமியது. வெடிக்கும் சத்தம் எப்போது கேட்குமோ என்று பயந்துகொண்டே விறகைத் தள்ளினேன்.

தலை முழுசாகவே வெளியே வந்தது. இன்றும் யாராவது எதிரே நின்று பேசினால் என் பார்வை தரைக்குத்தான் போகிறது. உடனே அந்த மூடிய கண்கள் நினைவுக்கு வரும். பயத்தில் நிமிர்ந்துவிடுவேன்.